18 டிகிரிக்குக் கீழே: பிரிட்டனில் முதுமையும் குளிர்காலமும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு மாதங்களில் இறப்பவர்களின் எண்ணிக்கை, மற்ற மாதங்களின் சராசரியைவிட ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கூடுகிறது. இந்தக் கூடுதலுக்குக் ‘குளிர்கால மிகை இறப்பு’ என்று பெயர். 1950-51 தொடங்கி இதற்கான கணக்கு இருக்கிறது. 2013-14 குளிர்காலத்தில் சுமார் 18,000 என்று இருந்த இந்த எண், நான்கே ஆண்டுகள் கழித்து 2017-18இல் ஏறத்தாழ 50,000 ஆனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இத்தனைக்கும் லண்டனில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஐந்தாறு டிகிரி மேலேதான். பனி கொட்டும் நாட்கள் குறைவு. உலகின் பணக்கார நாடுகளில் ஒன்று. அனைவருக்கும் இலவச மருத்துவம் உண்டு. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? இதைத் தடுக்க இதுவரை செய்யப்பட்டவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? இந்தக் கேள்விகளை ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குளிர் அதிகமான ஊரில் சாவு குறைவு

வெளியே எவ்வளவு குளிர் என்பதை மட்டும் வைத்து இந்த இறப்புகளை விளக்க முடியாது. 14 ஐரோப்பிய நாடுகளின் 1988 முதல் 1997 வரையிலான இறப்புக் கணக்குகளை ஒப்பிட்ட ஜோனதன் ஹீலியின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. குளிர்காலத்தில் இறப்பு மிக அதிகமாகக் கூடிய நாடு, இதமான வானிலைக்குப் பேர்போன போர்ச்சுகல். அங்கே கூடுதல் 28 சதவீதம். ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் 21, பிரிட்டனில் 18. ஆண்டில் பல மாதங்கள் பனியில் புதைந்து கிடக்கும் பின்லாந்தில் வெறும் 10.

ஜப்பானிலும் இதே கதைதான். குளிர்கால இறப்பு மிகக் குறைவாகக் கூடும் மாகாணம், நாட்டிலேயே அதிகக் குளிரான ஹொக்கைடோ. சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை சராசரி வெப்பநிலை மைனஸ் 26 டிகிரிக்கும் கீழே. அங்கே குளிர் கூடக்கூட இறப்பு கூடுகிறதா என்று 1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்று பார்த்தது. நடுவயதைக் கடந்தவர்களின் இறப்பு விகிதம், கடுங்குளிரிலும் குறிப்பிடும்படி ஏறவில்லை. காரணம் எளியது: வெளியே போனால் கம்பளி மேல் கம்பளி, அதன் மேல் உரோமத்தோல் அங்கி, உள்ளே வந்தால் வெதுவெதுப்பான அறை.

இவற்றை வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. குளிர் தவறாமல் வரும், கடுமையாக வரும் என்று தெரிந்த ஊர்களில் சுவரும் ஜன்னலும் உடையும் அதற்கேற்பவே அமைந்துவிட்டன. ‘இங்கே பெரிய குளிர் இல்லை’ என்று நினைத்துக் கட்டப்பட்ட வீடுகள்தான் ஆபத்தானவை. 2015இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு, 13 நாடுகளில் 384 இடங்களின் ஏழு கோடிக்கும் மேற்பட்ட இறப்புகளை எடுத்துக்கொண்டது. அவற்றில் குளிரோடு தொடர்புடையவை சுமார் 7.3 சதவீதம், வெயிலோடு தொடர்புடையவை 0.4 சதவீதம். குளிரால் நேர்ந்தவற்றிலும் பெரும்பங்கு, செய்தியாகும் கடுங்குளிர் நாட்களில் நிகழவில்லை. யாரும் பொருட்படுத்தாத மிதமான குளிர் நாட்களில் நிகழ்ந்தது.

உடலுக்குள் நடப்பது

குளிரில் சாவு என்றதும் உடல் விறைத்துப்போவதே நினைவுக்கு வருகிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் அந்த நிலை உண்மையில் அரிது. பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டின் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குளிர்கால மிகை இறப்புகளில் சுமார் 40 சதவீதம் இதயமும் இரத்தக்குழாய்களும் சார்ந்தவை. 33 சதவீதம் நுரையீரல் சார்ந்தவை. மரணச் சான்றிதழில் குளிர் என்ற சொல்லே இருக்காது.

வில்லியம் கீட்டிங் என்ற லண்டன் உடலியங்கியல் பேராசிரியர் 1984இல் ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமானவர்களைக் குறைந்த உடையோடு வீசும் காற்றில் ஆறு மணி நேரம் இருக்கச் செய்து, தோலை மட்டும் லேசாகக் குளிரவைத்தார். இரத்த அழுத்தம் கூடியது. இரத்தம் கெட்டியானது. உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் பெருகின. தோலுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்நோக்கித் தள்ளப்படுவதன் விளைவு இது. இளைஞர் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே குழாய் அடைபட்ட 80 வயதுக்காரருக்கு அதுவே மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ முடியலாம். குளிரலை வந்து இரண்டு நாளில் மாரடைப்பு இறப்புகள் உச்சம் தொடுகின்றன. நுரையீரல் நோய் இறப்புகள் உச்சத்துக்கு வரப் பன்னிரண்டு நாட்கள் வரை ஆகும். அதற்குள் வெளியே வெயில்கூட அடித்துவிடும். குளிரையும் இறப்பையும் குடும்பத்தார் இணைத்துப் பார்க்காமல் போவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

வயது ஏறஏற இன்னொரு குறையும் சேர்கிறது. தசை குறைவதால் உடல் உண்டாக்கும் சூடு குறைகிறது. நடுக்கமும் தாமதமாகவே வருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், வெப்பநிலையில் ஏற்படும் சிறு வேறுபாடுகளை முதியவரின் தோல் சரியாக உணர்வதில்லை. “எனக்கொன்றும் குளிரவில்லை” என்று அவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. முதியோருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

வீடா, வெளியா, வறுமையா?

பிரிட்டனின் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 1946க்கு முன் கட்டப்பட்டவை. ஐரோப்பாவிலேயே பழமையான வீட்டுத் தொகுதி என்று அதைச் சொல்வதுண்டு. விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் சுவர், இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர். உள்ளே உண்டாக்கும் சூடு அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும். மார்மட் குழுவின் கணக்குப்படி, மிகை இறப்புகளில் 21.5 சதவீதத்துக்குக் காரணம், மிகவும் குளிர்ந்த கால்பங்கு வீடுகள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. கீட்டிங்கே 1986இல், வேண்டிய அளவு ஹீட்டிங் வசதியுள்ள முதியோர் குடியிருப்புகளை ஆராய்ந்தார். அங்கும் குளிர்காலத்தில் இறப்பு மற்ற இடங்களைப் போலவே கூடியது. பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பதும் மெல்லிய உடையோடு கடைக்குப் போவதும் வீட்டுக் குளிருக்குச் சமமான ஆபத்து என்று அவர் வாதிட்டார். ஃப்ளூ காய்ச்சல்தான் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையை ஏற்றி இறக்குகிறது என்பது இன்னொரு வாதம். 2017-18இன் உயர்வுக்குப் பின்னால் ஃப்ளூ வலுவாக இருந்ததும் உண்மையே. இந்த வாதங்கள் ஒன்றை ஒன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஃப்ளூ எல்லா வீட்டுக்கும் வருகிறது. இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே குளிரில் களைத்திருக்கும் வீட்டில் அது உயிரைக் கொண்டுபோகிறது.

வறுமையின் பங்கும் நாம் நினைப்பதுபோல நேரானது இல்லை. பிரிட்டன் முதியவர்களைப் பற்றி 2004இல் வந்த பால் வில்கின்சன் குழுவின் ஆய்வில், ஏழைப் பகுதிகளில் குளிர்கால இறப்பு குறிப்பிடும்படி அதிகமாக இல்லை. அரசும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகள், சராசரியில் தனியார் வீடுகளைவிட நன்றாகச் சூட்டைக் காப்பவை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பிள்ளைகள் போனபின், துணையும் போனபின், நான்கு படுக்கையறை கொண்ட பழைய சொந்த வீட்டில் சிறு பென்ஷனோடு தனியே இருக்கும் மூதாட்டி, ஏழைகளின் பட்டியலில் வருவதில்லை. ஆனால் அவருடைய படுக்கையறையில் 13 டிகிரி இருக்கலாம்.

வருமானம், எரிபொருள் விலை, வீட்டின் தரம் மூன்றும் சேரும் இந்தச் சிக்கலுக்கு ‘எரிபொருள் வறுமை’ என்ற பெயர் நிலைபெற, பிரெண்டா போர்ட்மன் 1991இல் எழுதிய நூல் முக்கியக் காரணம். வீட்டைப் போதிய சூட்டில் வைக்க வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செலவிட வேண்டியிருந்தால் அந்தக் குடும்பம் எரிபொருள் வறுமையில் இருக்கிறது என்பது அவர் தந்த அளவுகோல். இங்கிலாந்து பின்னர் இதை இருமுறை மாற்றியது. இன்றைய அளவுகோலின்படி, ஆற்றல் தரச்சான்றில் ‘சி’ தரம் பெற்ற வீட்டில் இருப்பவர், கேஸ் பில்லைக் கட்ட முடியாமல் ஹீட்டரை அணைத்தாலும் கணக்கில் சேரமாட்டார். 2022இல் எரிபொருள் விலை ஏறியபோது இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. நூலகங்களும் தேவாலயங்களும் பகலில் வந்து குளிர்காய இடம் தந்த குளிர்காலம் அது.

பணம் கொடுத்தல்

அரசின் முதல் மருந்து பணம். 1997இல் கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது குளிர்கால எரிபொருள் உதவித்தொகை தொடங்கியது. சில ஆண்டுகளில் அது வீட்டுக்கு 200 பவுண்டாகவும், 80 வயதைக் கடந்தவர் இருந்தால் 300 பவுண்டாகவும் ஆனது. விலைவாசியோடு சேர்த்து அது உயர்த்தப்படவில்லை என்பதால் இருபது ஆண்டுகளில் அதன் மதிப்பு கரைந்துவிட்டது. இதோடு, வெப்பநிலை தொடர்ந்து ஏழு நாட்கள் சராசரியாக உறைநிலையிலோ அதற்குக் கீழோ இருந்தால் வறியோருக்கு 25 பவுண்டு, மின்கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடி என வேறு திட்டங்களும் உண்டு.

எப்படியும் செலவிடலாம் என்று கொடுக்கும் பணத்துக்கு ‘எரிபொருள்’ என்று பெயர் வைத்தால் ஏதாவது மாறுமா? பொருளாதார அறிஞர்கள் சிலர் இதை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. வெறும் பணமாக வந்திருந்தால் அதில் 3 சதவீதம்தான் எரிபொருளுக்குப் போயிருக்கும். இந்தப் பெயரில் வந்ததால் ஏறத்தாழ பாதி எரிபொருளுக்கே போனது. ஆக, பெயருக்கும் பலன் உண்டு.

2024இல் புதிய தொழிற்கட்சி அரசு இத்தொகையை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகளைப் பெறும் வறியோருக்கு மட்டும் என்று சுருக்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பெற்று வந்த தொகை சுமார் 15 லட்சம் பேரோடு நின்றது. எதிர்ப்பு கிளம்பவே, 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் உள்ள எல்லா ஓய்வூதியர்களுக்கும் அது திரும்ப வந்தது. செல்வந்தருக்கு ஏன் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விண்ணப்பிப்பதே இல்லை. கூச்சம், நீண்ட படிவம், அறியாமை என்று காரணங்கள் பல. வறியோருக்கு மட்டும் என்று வடிகட்டும்போது, வடிகட்டியில் விழுந்துபோகிறவர்களில் உதவி மிகவும் தேவைப்படும் வறியோரும் உண்டு.

பணத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. சுவர் வழியே சூடு ஓடும் வீட்டில் எரிபொருளுக்குத் தரும் தொகை, ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர். அடுத்த டிசம்பரில் மறுபடியும் ஊற்ற வேண்டும்.

வீட்டைச் சரிசெய்தல்

இரண்டாவது மருந்து வெப்பக் காப்பு. கூரைக்கடியில் கம்பளிபோன்ற பஞ்சு விரிப்பது, சுவரின் இடைவெளியை நிரப்புவது, ஒற்றைச் சுவருக்கு வெளியிலோ உள்ளிலோ பலகை பொருத்துவது ஆகியவை இதில் அடங்கும். இங்கிலாந்தின் ‘வார்ம் ஃப்ரண்ட்’ திட்டம் 2000 முதல் 2013 வரை சுமார் 23 லட்சம் வீடுகளுக்கு ஹீட்டிங்கும் வெப்பக் காப்பும் தந்தது. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது அறைகளின் வெப்பநிலை உயர்ந்திருந்தது. மனச்சோர்வும் கவலையும் குறைந்திருந்தன. எரிபொருள் பயன்பாடு மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இதுவரை குளிரில் இருந்தவர்கள், மிச்சமான பணத்தைச் சூடாக மாற்றிக்கொண்டார்கள். எரிபொருளைச் சேமிக்கும் திட்டம் என்று பார்த்தால் அது பாதித் தோல்வி. உடல்நலத் திட்டம் என்று பார்த்தால் முழு வெற்றி.

இத்துறையில் மிக உறுதியான சான்று நியூசிலாந்திலிருந்து வருகிறது. பிலிப்பா ஹௌடன்-சாப்மன் தலைமையில் 1,350 வீடுகளை எடுத்து, பாதிக்கு முதலிலும் மீதிக்குப் பிறகும் வெப்பக் காப்பு செய்து ஒப்பிட்டார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, படுக்கையறை வெப்பநிலை அரை டிகிரிதான் கூடியது. ஆனால் ஈரப்பதம் குறைந்தது. மூச்சிரைப்பும் விடுப்பு நாட்களும் குறைந்தன. எரிபொருளும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே செலவானது. அதன் அடிப்படையில் அந்நாட்டு அரசு 2009இல் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதய, இரத்தக்குழாய் நோய்க்காக முன்பு மருத்துவமனையில் இருந்த 65 வயதைக் கடந்தவர்களைப் பின்னர் தொடர்ந்து பார்த்தபோது, வெப்பக் காப்பு செய்த வீடுகளில் இறப்பு அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

வேலை ஒழுங்காக நடந்தால் மட்டுமே இந்தப் பலன். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அண்மைத் திட்டங்களின்கீழ் வெளிச்சுவரில் பொருத்திய வெப்பக் காப்பில் 98 சதவீதத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது என்றது. தவறாக ஒட்டிய பலகைக்குள் மழைநீர் இறங்கினால் சுவர் ஈரமாகும், பூஞ்சை படரும். குளிருக்குப் பதில் ஆஸ்துமா கிடைக்கும். ஒப்பந்தக்காரருக்குக் கீழ் துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் இன்னொருவர் என்று போய், மேற்பார்வை மட்டும் யாரிடமும் இல்லாமல் போனதன் விலை இது.

கதவைத் தட்டும் ஒருவர்

மூன்றாவது வழி, மருத்துவத்தையும் வீட்டையும் இணைப்பது. பிரிட்டனின் மருத்துவத் தர நிறுவனமான நைஸ் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லா ஊர்களிலும் ஒரே தொலைபேசி எண்ணில் எல்லா உதவியும் கிடைக்கும் சேவை வேண்டும் என்கிறது. முதியவர் வீட்டுக்குப் போகும் செவிலியரோ பராமரிப்பாளரோ ஆண்டுக்கு ஒருமுறையாவது ஹீட்டிங் எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. லண்டன் இஸ்லிங்டனில் 2010 முதல் இப்படியொரு வலையமைப்பு இயங்கிவருகிறது. யாராவது ஒருவர் தகவல் தந்தால் போதும். கடன், பில், பாய்லர், தடுப்பூசி எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள். க்ளஸ்டர்ஷயரில் 2021-22 குளிர்காலத்தில், குளிரால் நோய் முற்றக்கூடிய 28 வறிய நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டுபோல ஹீட்டிங்கையே எழுதிக் கொடுத்து, பில்லைத் திட்டமே ஏற்றது. மிகச் சிறிய சோதனைதான். ஆனால் பின்னர் விரிவாக்கும் அளவுக்குப் பலன் தெரிந்தது.

ஃப்ளூ தடுப்பூசி 65 வயதைக் கடந்த எல்லோருக்கும் இலவசம். 75 முதல் 79 வயதினருக்கு, மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கான தடுப்பூசி 2024 செப்டம்பரில் தொடங்கியது. வீட்டைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும். ஊசி ஒரே நாளில் முடிகிற காரியம். இதைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை

எந்தத் திட்டமும் வந்து சேரும்வரை குடும்பம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூடத்திலும் படுக்கையறையிலும் தலா ஒரு வெப்பமானி மாட்டுவது முதல் வேலை. உணர்வை நம்பாமல் எண்ணைப் பார்க்கலாம். முழு வீட்டையும் சூடாக்க வசதியில்லையென்றால் பகலில் உட்காரும் அறையையும் இரவில் படுக்கும் அறையையும் மட்டும் காத்தால் போதும். இரவில் ஜன்னல் மூடியிருக்கட்டும். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று உடைகள் சூட்டைப் பிடித்துவைக்கும். காலையும் தலையையும் மூட மறக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காராமல் எழுந்து நடக்க வேண்டும். நாளில் ஒருவேளையாவது சூடான சாப்பாடு, அவ்வப்போது சூடான பானம்.

மின்கம்பளி சுமார் 100 வாட்தான் இழுக்கும். சாதாரண அறை ஹீட்டர் 2,000 வாட். படுக்கையைச் சூடாக்க முதலாவதே சிக்கனம். ஆனால் மின்கம்பளியோடு வெந்நீர்ப் பையைச் சேர்த்துப் பயன்படுத்தவே கூடாது. ஜன்னல் திரையை இருட்டும் முன் இழுத்துவிட வேண்டும். அது ரேடியேட்டரை மூடக் கூடாது. சோபாவை ரேடியேட்டரை ஒட்டிப் போட்டால் சூடு சோபாவுக்குத்தான் போகும். பாய்லரைக் குளிர்காலத்துக்கு முன்பே பதிவுபெற்ற தொழிலாளியை வைத்துச் சோதித்துவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். மின்வெட்டின்போது முதலில் கவனிக்கப்பட, மின், கேஸ் நிறுவனங்களின் முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகப் பெயர் பதியலாம். நவம்பர் முதல் மார்ச் வரை வெளியாகும் மஞ்சள், ஆம்பர், சிவப்புக் குளிர் எச்சரிக்கைகளைப் பக்கத்து வீட்டுக்காரர் கவனித்துச் சொன்னாலும் உதவிதான்.

லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் மூத்த தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள்; அவர்களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் கணிசமானோர். பிள்ளைகளோடு இருப்பதால் இவர்கள் தனிமையில் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கு என்று எல்லோரும் போனபின், “பிள்ளையின்ர காசு ஏன் வீணாப் போகோணும்” என்று ஹீட்டிங்கை அணைத்துவிட்டுச் சாரத்தோடும் மெல்லிய சட்டையோடும் கூதலில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மாலையில் எல்லோரும் திரும்பும்போது வீடு மறுபடி சூடாகியிருக்கும். பகலில் நடந்தது யாருக்கும் தெரியாது. ஹீட்டிங்கைக் காலையிலேயே டைமரில் பூட்டிவைப்பது சொல்லிச் சொல்லிப் பார்ப்பதைவிட மேல். கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கும்படி பிரிட்டிஷ் சுகாதாரத் துறை சொல்கிறது. டாக்டரிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். பேரனை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டியதில்லை.

எது முதலில்?

மூன்று வழிகளையும் எடைபோட்டால் வரிசை தெளிவாகவே இருக்கிறது. பணம் விரைவானது, ஆனால் ஒரு குளிர்காலத்துக்குத்தான். மருத்துவ இணைப்பு யாருக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்கும். ஆனால் சுவரைச் சூடாக்காது. நிலைத்த பலன் தருவது வெப்பக் காப்பு ஒன்றே. அதுவும் வேலை செய்தவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து சோதித்து ஒப்புதல் தந்த பிறகே பணம் என்ற விதியோடு. பிரிட்டன் இதுவரை இந்த வரிசையைத் தலைகீழாகவே நடத்தியிருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் உதவித்தொகைக்கு அரசியல் சண்டை, கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள் நடக்கும் வேலைக்கு மேற்பார்வையே இல்லை. குளிர்கால மிகை இறப்பில் கணிசமான பகுதி தவிர்க்கக்கூடியது என்பதைப் பின்லாந்தும் நியூசிலாந்தும் காட்டிவிட்டன. அந்த வரிசை சரியாகும்வரை, பிரிட்டனில் வயதான உறவினர் உள்ளவர்கள் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யலாம்: பென்ஷன் கிரெடிட் விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள், அவர் படுக்கும் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள்.